மடிப்பில் கீறல்

இந்தப் பையை மேல வெக்க வேண்டாங்க்கா. கண்டக்டரு சொன்னா சொல்லிட்டுப் போறாரு, மடியிலயே இருக்கட்டும். உள்ள இருக்கறது துணிமணி இல்ல, ஸ்கேனரு. கார்ல செருகினா கோளாறு என்னன்னு காட்டற மிசினு. ஆமாங்க, நான் மெக்கானிக்குத்தான். ஏன், பொம்பளைன்னா ஆகாதுங்களா? இல்லீங்க, உங்களச் சொல்லல. இன்னைக்கு யாரு என்ன கேட்டாலும் எனக்குச் சுள்ளுனு வருது. கருமத்தம்பட்டியில ஏறுனதுலருந்து பல்லைக் கடிச்சுட்டு உக்காந்திருக்கறேன். யாருகிட்டயாச்சும் கொட்டலைன்னா மண்டை வெடிச்சிரும். நீங்க ஈரோடுங்களா? நான் பெருந்துறையில எறங்கிருவேன். அதுவரைக்கும் கேளுங்க. கேட்டுட்டு, தப்பு யாரு மேலன்னு நீங்களே சொல்லுங்க.

எங்கண்ணன் பேரு செல்லமுத்து. கருமத்தம்பட்டியில ரோட்டு மேலயே ஒர்க்‌ஷாப்பு. அப்பா காலத்துலருந்து லாரி வேலை. ஸ்பிரிங் பட்டை, பிரேக்கு, கிளட்ச்சு, எதுன்னாலும் அண்ணன் கை வெச்சா நிக்கும். அதுல நான் ஒரு குறை சொல்ல மாட்டேன். நான் ஆட்டோமொபைல் டிப்ளமா படிச்சுட்டு, கோயமுத்தூர்ல ஒரு பெரிய சர்வீஸ் சென்டர்ல வருசக்கணக்கா இருந்தவ. வெளிநாட்டுக் காருக பூரா அங்கதான் வரும். அண்ணந்தான் கூப்புட்டுச்சு. எவனுக்கோ ஒழைக்கறதுக்கு நம்ம கடைக்கே வா அம்மிணி, பெரிய காரெல்லாம் நீ பாரு, லாரியை நான் பாத்துக்கறேன்னுச்சு. ஷெட்டுல பாதியை எனக்குன்னு தடுத்துக் குடுத்துச்சு. போர்டுல தமயந்தின்னு எம்பேரையும் எழுத வெச்சுச்சு. இல்லைன்னு சொன்னா நாக்கு அழுகிரும். நல்ல மனுசந்தானுங்க. அதனாலதான் கோவம் இன்னும் சாஸ்தியா வருது.

உங்களுக்கு ஏர் சஸ்பென்ஷன் தெரியுங்களா? சாதாக் காருல சக்கரத்துக்கு மேல இரும்பு ஸ்பிரிங்கு இருக்கும். பெரிய காருகள்ல அதுக்குப் பதிலா ரப்பர் பலூன். சக்கரத்துக்கு ஒண்ணு. கம்ப்ரஸர் அதுக்குக் காத்தடிச்சுக் குடுக்கும். பட்டனை அமுக்குனா வண்டி ஒசரும், இன்னொருக்கா அமுக்குனா எறங்கும். எந்தப் பள்ளத்துல உட்டாலும் வயித்துத் தண்ணி அலுங்காது. சொகுசுதான். ஆனா ஒண்ண மறக்கக் கூடாதுங்க. அந்த வண்டி நிக்கறது இரும்பு மேல இல்ல, காத்து மேல. அடியில படுக்கறதுன்னா மொதல்ல இரும்பு ஸ்டேண்டு முட்டுக் குடுக்கோணும். குடுக்காம எவனும் கீழ போகக் கூடாது. இதை நான் அந்த ஷெட்டுல தொண்டை வத்தச் சொல்லிருக்கறேன். எல்லாருக்கும் சொல்லிருக்கறேன். அண்ணனுக்கும் சேத்தித்தான்.

போன ஐப்பசியில, மழை நசநசன்னு புடிச்சுட்டிருந்தப்ப, தண்டபாணின்னு ஒருத்தரு காரு கொண்டாந்தாரு. திருப்பூர்ல பனியன் கம்பெனி. காரு யானைக்குட்டி மாதிரி இருக்கும், கறுப்பு. ராத்திரி நல்லா நிக்குது, காத்தால பாத்தா முன்னாடி இடது பக்கம் மட்டும் முட்டி போட்ட மாடாட்டம் படுத்துக்குதுன்னாரு. ஏற்கெனவே வேற எங்கயோ காட்டி, கம்ப்ரஸர் போச்சுன்னு புதுசு மாத்திருக்கறாங்க. சித்த நாள்ல அந்தப் புதுசும் சூடாகி இரையுது. ரெண்டாவதா இன்னொண்ணு மாத்தோணும்னு சொல்லிருக்கறாங்க. மனுசன் வெறுத்துப் போயி எங்ககிட்ட வந்தாரு.

கேட்ட உடனே எனக்குத் தெரிஞ்சு போச்சு. கம்ப்ரஸர் மேல தப்பே இல்லீங்க்கா. எங்கயோ காத்து கசியுது. கசியக் கசிய அது அடிச்சுட்டே இருக்குது. ஓட்டைக் கொடத்துல தண்ணி சேந்தற மாதிரி. ஓயாம ஓடுனா எந்த மிசினும் கருகத்தான் செய்யும். கொடத்தைப் பாக்காம சேந்தறவளை மாத்துனா என்ன ஆகும்? ஸ்கேனரும் அதான் சொல்லிச்சு, கம்ப்ரஸர் அளவுக்கு மேல ஓடுதுன்னு. ஆனா ஓட்டை எங்கன்னு அது சொல்லாது. காச்சல் இருக்குதுன்னு சொல்லும், நோவு எங்கன்னு நாமதான் தேடோணும்.

சோப்புத் தண்ணி அடிச்சுத் தேடினோம். காத்து கசியற எடத்துல நொரை பூக்கும். ஓஸு, மூட்டு, சக்கரத்துக்குச் சக்கரம் காத்தைப் பிரிச்சு உடற வால்வுப் பெட்டி, பலூனு, எல்லாத்துலயும் அடிச்சாச்சு. எங்கயும் ஒரு நொரைக் குமிழி வரல. அண்ணன் அதோட முடிவு பண்ணிருச்சு. வெளியில எங்கயும் கசியல, அப்ப வால்வுப் பெட்டிக்கு உள்ளதான் கசியுது, அதை மாத்திரலாம்னு. எனக்கு மனசு ஒப்பல. பலூன் ரப்பரு கீழ மடிஞ்சு உருளற எடம் ஒண்ணு இருக்குது. வண்டி சாதா ஒசரத்துல நிக்கறப்ப அந்த மடிப்பு மூடிக்கும். கீறல் அதுக்குள்ள இருந்தா வெளிய தெரியாது. வண்டிய முழு ஒசரத்துக்கு ஏத்தி வெச்சாத்தான் மடிப்பு விரியும், கீறலு வாயைத் தொறக்கும். மடிப்புலதாண்ணா இருக்கும், திங்கக்கெழமை அப்படி ஏத்திப் பாக்கலாம்னு சொல்லிட்டுச் சோறு திங்கப் போனேன்.

திரும்பி வந்தா தண்டபாணி வந்து நிக்கறாரு. அண்ணன் அவருகிட்ட வால்வுப் பெட்டி போச்சுங்க, ஆர்டர் போட்டறலாமான்னு கேட்டுட்டிருக்குது. ஷெட்டுல வேலை செய்யறவங்க எல்லாரும் சுத்தி நிக்கறாங்க. நான் என்னங்க்கா பண்ணோணும்? வாயைப் பொத்திட்டு நிக்கோணுமா? தப்பான பொருளுக்கு அந்த மனுசன் தலையாட்டப் போறாரு. நான் சொன்னேன். அண்ணா, தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லாத, இது லாரி இல்லன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அதுல ஒரு கெட்ட வார்த்தை இருக்குதுங்களா?

தண்டபாணி சிரிச்சாரு. இனி தங்கச்சியே பாக்கட்டும் செல்லமுத்து, நீ உன்ற லாரியப் பாருன்னாரு. வேலைக்காரங்களும் சிரிச்சாங்க. சிரிச்சது அவங்க. நான் சிரிக்கல. அண்ணன் கையைத் தொடைச்சுட்டு டீக்கடைக்குப் போயிருச்சு. கோவம் இருந்தா என்னையத் திட்டிருக்கோணுமல்ல? திட்டுனா நான் பதில் சொல்லிருப்பேன், அதோட முடிஞ்சிருக்கும். கம்முனு போனா நான் என்னன்னு நெனைக்கறது? சரின்னு ஏத்துக்குச்சுன்னுதான் நெனைச்சேன்.

மறுநாள் ஞாயித்துக்கெழமை. கடை லீவு. நான் நேரமே கெளம்பிப் போனேன். எதுக்குன்னா, அண்ணன் திங்கக்கெழமை வர்றதுக்குள்ள அந்த பலூனைக் கழட்டி, கீறலை விரிச்சு, அண்ணனோட மேசை மேல கொண்டு போய் வெச்சிரலாம்னு. வாயில சொன்னா நம்ப மாட்டேங்குது, கண்ணுல பாக்கட்டும்னு.

ஷட்டரு பாதி தொறந்து கெடக்குது. உள்ள லைட்டு எரியுது. எனக்கு முன்னாடியே அண்ணன் வந்திருக்குதுங்க்கா. தனியா. வண்டிய முழு ஒசரத்துக்கு ஏத்திருக்குது, நான் சொன்ன மாதிரியே. சோப்புத் தண்ணி பாட்டிலை எடுத்துட்டு முன்னாடி இடது பக்கமா அடியில போயிருக்குது. ஸ்டேண்டு வெக்கல. அந்த ஷெட்டுல ஸ்டேண்டுக்குப் பஞ்சமா? செவுத்தோரம் வரிசையா நிக்குது. ஒண்ணைக் கால்ல தள்ளி வெச்சிருந்தாக் கூடப் போதும்.

நான் பாத்தப்ப காரோட அந்த மூலை கீழ உக்காந்திருந்துச்சு. காலு ரெண்டும் வெளிய. பாட்டிலு உருண்டு போயி சோப்புத் தண்ணி தரையெல்லாம். அண்ணான்னேன். காலு ஆடுச்சு. சத்தம் வரல.

ஜாக்கியைத் தள்ளுனேன். வண்டி அத்தனை தாழ உக்காந்துட்டதால ஜாக்கித் தலை உள்ள போக மாட்டேங்குது. பக்கத்துல பஞ்சுக் குடோன், அங்க லோடு ஏத்திட்டிருந்தாங்க. ரோட்டுல ஓடிப் போயி கத்துனேன். என்ன கத்துனேன்னு எனக்கே தெரியாது. அவங்க ஓடியாந்தாங்க, டீக்கடைக்காரரும் ஓடியாந்தாரு. எல்லாரும் சக்கரத்துக்கு மேல இருக்கற வளைவைப் புடிச்சுத் தூக்கத் தூக்க, நான் படுத்துட்டு மரக்கட்டைய ஒவ்வொண்ணா உள்ள தள்ளுனேன். கட்டை நகந்தா என் கையும் போயிருக்கும். அதெல்லாம் யாரும் பேச மாட்டாங்க. அப்பறம் காலைப் புடிச்சு இழுத்தோம். மூஞ்சி நீலமா இருந்துச்சு. ஆனா மூச்சு இருந்துச்சு.

நெஞ்செலும்பு ஒடைஞ்சு ஒண்ணு நுரையீரல்ல குத்திருச்சு. ஆசுபத்திரியில கொழாய் போட்டு வெச்சிருந்தாங்க. இன்னும் சித்த நேரம் கெடந்திருந்தா அவ்வளவுதான்னு டாக்டரே சொன்னாரு. யாரு எடுத்தா? நான் எடுத்தேன். நான் நேரமே போகலைன்னா திங்கக்கெழமை ஷட்டரைத் தொறக்கறவங்க என்னத்தைப் பாத்திருப்பாங்க? ஆனா ஒறம்பரை சனமெல்லாம் கூடி ஆசுபத்திரி வராண்டாவுல என்ன பேசுனாங்க தெரியுங்களா? இவ நாலு பேரு முன்னால பேசுன பேச்சுலதான் அவன் அடியில போனானாம். எங்கண்ணி ருக்மணி, அவங்களே சொன்னாங்க. ராத்திரி சோறு திங்கல, புரண்டு புரண்டு படுத்துட்டு விடியறதுக்குள்ள சாவியை எடுத்துட்டுப் போயிட்டாருன்னு. நான் கேக்கறேன், சோறு திங்கலைன்னா அதுக்கு நான் என்ன பண்றது? அடியில போன்னு நானா சொன்னேன்? ஸ்டேண்டு வெக்காமப் போன்னு நானா சொன்னேன்?

நான் நேரா கடைக்குப் போனேன். வேலைக்காரங்க அந்தக் காரு பக்கத்துலயே வர மாட்டேன்னுட்டாங்க. நான் ஸ்டேண்டு வெச்சேன், நாலு பக்கமும் வெச்சேன், தனியாக் கழட்டுனேன். பலூனைக் கையில எடுத்து மடிப்பை விரிச்சேன். இருக்குதுங்க்கா. நான் சொன்ன எடத்துலயே இருக்குது. மயிரு மாதிரி கீறலு மடிப்போட ஓடிருக்குது. அண்ணன் முழுசா ஏத்துனப்ப அது அப்படியே கிழிஞ்சு, ஒரு வெரலு உள்ள போற அளவுக்குப் பொளந்திருச்சு. புதுப் பலூன் வரவெச்சு மாட்டுனேன். கருகிப் போன கம்ப்ரஸரையும் மாத்துனேன். வண்டிய நாள் முச்சூடும் நிறுத்திப் பாத்தேன். சாக்பீஸ்ல கோடு போட்டு வெச்சிருந்தேன், அந்தக் கோட்டை விட்டு ஒரு நூலு எறங்கல.

சரி, இதை யாருகிட்டச் சொல்றது? சொல்ல வேண்டியவங்ககிட்டத்தானே சொல்லோணும்? கழட்டுன பழைய பலூனை ஒரு துணிப் பையில போட்டு எடுத்துட்டு ஆசுபத்திரிக்குப் போனேன். அன்னைக்குத்தான் கொழாயை எடுத்துட்டு வார்டுக்கு மாத்திருந்தாங்க. அண்ணன் முழிச்சுட்டுத்தான் படுத்திருந்துச்சு. நான் பக்கத்துல போயி, பலூனை எடுத்து அது கண்ணுக்கு நேரா மடிப்பை விரிச்சுக் காட்டுனேன். பாருண்ணா, வால்வுப் பெட்டி இல்ல, இங்கதான், நான் சொன்னனல்லன்னேன். தண்டபாணிக்கு ரொம்பச் சந்தோசம், அவரு சிநேகிதங்க காரெல்லாம் இனி எங்கிட்டயே அனுப்பறேன்னு சொல்லிருக்கறாருன்னும் சொன்னேன். நல்ல சேதிதானே? படுத்துக் கெடக்கறவருக்கு நல்ல சேதிதானே சொல்லோணும்?

அண்ணன் அந்த ரப்பரைப் பாத்துச்சு. என்னையப் பாத்துச்சு. அப்பறம் மெல்ல மூஞ்சியச் செவுத்துப் பக்கம் திருப்பிக்கிச்சு.

அண்ணி என் கையைப் புடிச்சு வெளிய கூட்டியாந்து உட்டாங்க. அவங்க எப்பவும் சத்தமாப் பேசறவங்க. அன்னைக்கு மெதுவாத்தான் சொன்னாங்க, இனி இங்க வராத அம்மிணின்னு. நான் அந்தப் பலூனைக் கையில வெச்சுட்டு லிஃப்டு பக்கத்துல நின்னேன். போறவங்க வர்றவங்க எல்லாம் பாக்கறாங்க. உயிரைக் காப்பாத்துனவளுக்கு மரியாதை இதுதானுங்க.

எங்கூட்டுக்காரரு லாரி செட்டுல கணக்கு எழுதறாரு. அதிகம் பேச மாட்டாரு. அவருகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். கேட்டுட்டு, நீ சொன்னது சரிதான், சொன்ன எடம் சரியில்லைன்னாரு. எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்தரம். எடம்னா என்னங்க எடம்? வண்டி நின்னது அங்க. அண்ணன் நின்னது அங்க. கார்க்காரரு நின்னது அங்க. நான் மாரியாத்தா கோயில்லயா போயிச் சொல்ல முடியும்? அதுலருந்து அவருகிட்டயும் நான் இதைப் பத்திப் பேசறதில்ல.

அப்பறம் அண்ணன் ஊட்டுக்கு வந்துச்சு. பொங்கலு கழிஞ்சு கடைக்கும் வர ஆரம்பிச்சிருச்சுன்னு கேள்விப்பட்டேன். என்னையக் கூப்புடல. நானும் போகல. நான் எதுக்குப் போகோணும்? இன்னைக்குக் காத்தாலதான் போன் பண்ணுச்சு. உன்ற மிசினு இங்கயே கெடக்குது, வந்து எடுத்துக்க அம்மிணின்னு. வேற ஒண்ணும் சொல்லல.

போனேன். ஷெட்டுக்கு நடுவால பிளாஸ்டிக் சேரைப் போட்டு உக்காந்திருக்குது. பாதியா எளைச்சுப் போச்சு. சட்டை தொளதொளன்னு தொங்குது. முன்னெல்லாம் லாரிச் சக்கரத்தை ஒத்தையா உருட்டிட்டு வர்ற ஆளு, எந்திரிக்கறதுக்கே சேர்க் கையைப் புடிச்சு ஊனுது. எனக்குத் தடுத்துக் குடுத்த எடத்துல லாரி டயரை அடுக்கி வெச்சிருக்குது. ஸ்கேனரைத் தொடைச்சு, ஒயரைச் சுருட்டி, இந்தப் பையில போட்டுத் தயாரா வெச்சிருந்துச்சு.

இனி லாரி மட்டும் போதும்னு இருக்கறேன்னுச்சு. எனக்கு அதுக்கு மேல பொறுக்க முடியல. பெரிய காரை உட்டதுக்கு நாந்தான் காரணமான்னேன். நான் சொன்னது தப்பா, அதை மட்டும் ஒரே வார்த்தையில சொல்லு, நான் போயிக்கறேன்னேன்.

அண்ணன் கொஞ்ச நேரம் மூச்சு வாங்குச்சு. இப்பெல்லாம் பேசறதுக்கு முன்னாடி அப்படித்தான் மூச்சு வாங்குது. அப்பறம் சொல்லிச்சு.

"நீ சொன்னது சரி. வண்டி எறங்கறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சு போச்சு. காத்து புஸ்ஸுன்னு என் மூஞ்சியிலதான் அடிச்சுது. மடிப்புலருந்துதான். நம்ம அம்மிணி சொன்ன எடந்தான்னு நெனைச்சேன். சொல்றதுக்குள்ள வந்து உக்காந்துக்கிச்சு."

அப்பத் தெரிஞ்சே இருந்திருக்குது. தெரிஞ்சேதான் மூஞ்சியத் திருப்பிருக்குது. அப்பறம் எதுக்கு அன்னைக்குச் செவுத்தைப் பாத்தேன்னு கேட்டேன். அது என்னைய நிமுந்து பாத்துச்சு. கோவமா இருந்தாப் பரவால்ல. கோவமே இல்ல.

"அன்னைக்கிருந்து இன்னைக்கு வரைக்கும் நீ எத்தனையோ பேசிட்ட. வலிக்குதாண்ணான்னு ஒரு தடவை கேட்டியா அம்மிணி?"

பாத்தீங்களா? இதுதான் எங்கண்ணன். அவ்வளவு பெரிய வண்டி நெஞ்சு மேல உக்காந்திருக்குது, நெஞ்செலும்பு ஒடைஞ்சிருக்குது, கொழாய் போட்டிருக்குது. வலிக்காமயா இருக்கும்? அதைப் போயி ஒருத்தி கேக்கோணுமா? கேட்டா மட்டும் வலி கொறைஞ்சிருமா? பையத் தூக்கிட்டு விடுவிடுன்னு வந்துட்டேன். பின்னால அம்மிணி, அம்மிணின்னு கூப்புட்டுச்சு. திரும்பல. எந்திரிச்சு ஓடியார முடியாது அதால, எனக்குத் தெரியும். தெரிஞ்சுந்தான் திரும்பல.

நான் கேக்கலையாம். ஆம்புலன்ஸ்ல அதோட கையப் புடிச்சுட்டு உக்காந்திருந்தது யாரு? நாந்தான். கருமத்தம்பட்டியிலருந்து கோயமுத்தூரு போற வரைக்கும் அந்தக் கைய நான் உடல. கேட்டுட்டேதான் போனேன். ஏன் ஸ்டேண்டு வெக்கல, ஏன் ஸ்டேண்டு வெக்கல, ஏண்ணா ஸ்டேண்டு வெக்கலன்னு. கூட வந்த நர்சுப் புள்ள கம்முனு இருங்கம்மான்னு எத்தனையோ சொல்லிப் பாத்துச்சு. நான் நிறுத்தல. நிறுத்துனா அது கண்ணை மூடிக்கும்னு எனக்குப் பயம். வேற வார்த்தை வாயில வந்தாத்தானே? எனக்கு வந்தது அதுதான்.

நீங்களே சொல்லுங்க்கா. ஒருத்தி கூடப் பொறந்தவன் கையப் புடிச்சுட்டு ஏன் ஸ்டேண்டு வெக்கலன்னு கத்துனா அதுக்கு என்னங்க அர்த்தம்? வலிக்குதான்னுதானே அர்த்தம்? செத்துப் போயிராதன்னுதானே அர்த்தம்? இதை எழுதிக் குடுக்கோணுமா?

பெருந்துறை வந்திருச்சு. காலைக் கொஞ்சம் நகத்துங்க, எறங்கறேன். நீங்க யாரோ, நான் யாரோ. உங்களுக்கே புரியுதல்ல? புரியுதுங்களா இல்லீங்களா? சும்மா தலைய ஆட்டாதீங்க்கா. வாயைத் தொறந்து சொல்லுங்க.